காப்புக் கட்டின கையும் ரப்பர் குழாயும்

ராஜபாளையம்
22-4-92, புதன்கிழமை

அன்புள்ள மகன் சோலைராஜுக்கு அம்மா அங்காளம்மாள் எழுதிக்கொண்டது. ஜபல்பூரில் நீயும் உன் வீட்டுக்காரி கிருபாபாயும் பேத்தியும் நோய் நொடி இல்லாம இருக்கணும்னு மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கிட்டு இதை எழுதுறேன். இங்கே நாங்க சுகமா இருக்கோம்னுதான் இத்தனை நாளும் எழுத வச்சேன், இந்தத் தடவை அந்த வார்த்தை எழுத எனக்குக் கை வரலை. எப்பவும் நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுப் பரிபூரணம் டீச்சர்தான் எழுதித் தரும், உனக்குத் தெரியும். இந்தக் கடுதாசியை அதுகிட்டச் சொல்லி எழுத முடியாது, உன் அக்கா சந்தனத்துகிட்டயும் சொல்ல முடியாது. அதனால மூணாங்கிளாஸ் படிச்ச கையால நானே எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், கூட்டிப் படிச்சுக்கோ. மூணு நாளா மத்தியானத்துல உங்க அப்பா கண்ணசந்த நேரம் பார்த்து அடுப்படியில உக்காந்து கொஞ்சங் கொஞ்சமா எழுதுறேன். அவிய உனக்கு எழுதக் கூடாதுன்னு என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கியிருக்காக. சத்தியத்தை மீறித்தான் எழுதுறேன்.

உங்க அப்பாவுக்கு ஒண்ணரை வருசமா நீர் தானாப் பிரியுறது இல்லை. தொண்ணூறாம் வருசம் தீவாளி கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கொல்லைக்கும் வீட்டுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாக, சொட்டுச் சொட்டா வருது, முழுசா வரலை, அடிவயிறு பானை கவுத்தது மாதிரி இருந்துச்சு. நான் வெந்தயம் ஊற வச்சுக் கொடுத்தேன், எளநி வெட்டிக் கொடுத்தேன், கொடுக்கக் கொடுக்க உள்ளதான் போச்சே ஒழிய வெளிய வரலை. மதுரையில ஒரு டாக்டர்கிட்டப் போனோம், அவரு ஒரு ரப்பர் குழாயை விட்டு எடுத்தாரு, பெரிய செம்பால ரெண்டு செம்பு வந்துச்சாம். சக்கரை வியாதியில நரம்பு கெட்டுப்போய் மூத்திரப்பை தளந்து போச்சு, சாக்குப் பை மாதிரி கிடக்கு, சுருங்கித் தள்ளுற பெலம் இல்லை, ஆபரேசன் பண்ணினாலும் பிரயோசனம் இல்லைன்னுட்டாரு. இனிமே ஆயுசு முழுக்க ஒரு நாளைக்கு நாலு தடவை நீங்களே குழாயை விட்டு எடுத்துக்கிடணும்னு சொல்லி, எப்பிடிச் செய்யணும்னு அவியளை மட்டும் உள்ள கூப்பிட்டுக் காமிச்சுக் கொடுத்தாரு. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். வெளிய வந்தவிய மூஞ்சியை இன்னும் நான் மறக்கலை. உங்க தாத்தா செத்த அன்னைக்குக்கூட அப்பிடி ஒரு மூஞ்சியை நான் பார்க்கலை. வார வழியில பஸ்ஸுல, கிருஷ்ணன்கோயில் தாண்டின பொறவு, ஏட்டி, இது உனக்கும் எனக்கும் அந்த டாக்டருக்கும் தவிர நாலாவது ஆளுக்குத் தெரியக்கூடாதுன்னாக. சரின்னேன்.

டாக்டர் சக்கரைதான் காரணம்ங்காரு. நான் அதை முழுசா நம்பலை. மில்லுல ஸ்பின்னிங்ல நின்ன காலத்துல ஒண்ணுக்குப் போகணும்னா மேஸ்திரிகிட்டத் தகடு வாங்கிக்கிட்டுத்தான் போகணும், ஒரு ஷிப்டுக்கு ரெண்டு தடவைக்கு மேல கேட்டா அந்த மேஸ்திரி நாலு பேருக்குக் கேக்கும்படியா உனக்கு என்ன பிள்ளைத்தாச்சியான்னு கேப்பானாம். அந்தச் சொல்லுக்குப் பயந்து முப்பது வருசம் அடக்கி வச்ச உடம்பு இது. அந்த மேஸ்திரி செத்து எட்டு வருசம் ஆச்சு, அவன் சாவுக்கு நான் போகலை, நம்ம தெருவுல போகாத ஆளு நான் ஒருத்திதான்.

அந்த ஒண்ணரை வருசமும் அவிய அதை எப்பிடிச் செஞ்சாகன்னு நான் பார்த்தது இல்லை, காதால கேட்டதுதான். மில்லுக்குச் சோறு கொண்டு போன தூக்குவாளி உனக்கு ஞாபகம் இருக்கும், அதுலதான் குழாயைப் போட்டு வேக வைப்பாக. அதுக்குன்னு கொல்லையில தனியா மூணு கல்லு வச்சுக்கிட்டாக, வீட்டு அடுப்புல வைக்க மாட்டாக. பொறவு சோப்புப் போட்டுக் கை கழுவுற சத்தம் கேக்கும், குளிக்கிற மறைப்புக்குள்ள போய்த் தட்டியை இழுத்துக் கட்டுற சத்தம் கேக்கும், அதுக்கப்புறம் செத்த நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரந்தான் எனக்கு உசிரு போய் உசிரு வரும். கையில எந்த வேலை இருந்தாலும் அப்பிடியே நிறுத்திட்டு நிப்பேன். பொறவு வாளியில விழுகிற சத்தம் கேக்கும், நான் மறுபடியும் வெங்காயம் உரிப்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை இப்பிடி. ஒரு தடவைகூட அவிய வலிக்குன்னு சொன்னது இல்லை, நானும் கேட்டது இல்லை. கேட்டா அதை வாய்விட்டுப் பேசினதா ஆகிப்போகும் பாரு, அதனால ரெண்டு பேரும் அப்பிடி ஒண்ணு நடக்காத மாதிரியே இருந்தோம்.

வெளியூர், விசேசம்னு போறதும் நின்னுபோச்சு. எங்கே போனாலும் நாலு மணி நேரத்துக்குள்ள திரும்பணும், தண்ணி வேணும், மறைவு வேணும். ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தாலுகா ஆபீஸ் வேலையாப் போகையில தூக்குவாளியைக் கையில வச்சிருந்தாக, பஸ்ஸுல மில்லுல கூட வேலை பார்த்த ஐயாதுரை பார்த்துட்டு, என்ன மச்சான், ரிட்டேர் ஆகி ஆறு வருசமாச்சு, இன்னும் சோத்து வாளியை விடலையா, என்ன குழம்புன்னு மூடியில கை வைக்கப் போனாராம். அந்தப் பஸ்ஸை விட்டுப் பாதியில இறங்கி வெயில்ல நடந்தே வீடு வந்து சேர்ந்தாக. அதோட பஸ் ஏறுறதை விட்டாச்சு. போன ஆவணியில சோழபுரத்துல உன் அக்கா சந்தனம் புது வீடு பால் காய்ச்சினா, பெத்த தகப்பன் போகலை. மாப்பிள்ளை மாரிச்சாமி, எங்க வீட்டுப் பால் உங்க அப்பாவுக்குத் தொண்டையில இறங்காதோன்னு கேட்டாராம், அன்னையிலேர்ந்து அவரு நம்ம வாசலை மிதிக்கலை. சந்தனம் என்னையப் பிடிபிடின்னு பிடிச்சா. நான் என்னத்தைச் சொல்ல, முட்டு வலின்னு சொன்னேன். முட்டு வலிக்காரரு எப்பிடிம்மா கொல்லைக்கும் வீட்டுக்கும் நூறு தடவை நடக்காருன்னா. அவ கேட்டதுலயும் தப்பு இல்லை.

இப்பம் பங்குனியில நடந்ததுதான் உனக்கு எழுத வேண்டிய சங்கதி. பூக்குழியில தீ மிதிக்க அவிய காப்புக் கட்டுறது உனக்குத் தெரியும், நீ அஞ்சு வயசுல அம்மையில கிடந்து பிழைச்சதுக்கு நேந்துக்கிட்டது, இருபத்தெட்டு வருசத்துல போன வருசம் ஒண்ணுதான் இந்தக் குழாயால விட்டுப்போச்சு. இந்த வருசமும் வேண்டாம்னு சொன்னேன். கேக்கலை. காப்புக் கட்டினா ஊர் எல்லை தாண்டக்கூடாதே, அதனால ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகத்துல உன் சித்தப்பா பால்ச்சாமி வீட்டுலயே ஏழு நாளும் தங்குறதுன்னு ஏற்பாடு, ஒரு வேளைச் சோறு பொங்கிப் போட நானும் வாடகைக் காருல கூடப் போனேன். அந்த வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு நான் இருபத்தாறு வருசமா இருந்தவ. உன் சித்தி அழகுத்தாய் என் நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு, ஊருக்குள்ள அது தன்னுதுன்னு சொன்னதை நான் மறக்கலை. இருந்தாலும் போனேன்.

முதல் நாள் காப்புக் கட்டி வந்தாக. மஞ்சக் கயித்துல மஞ்சள் துண்டு, வலது மணிக்கட்டுல. ரெண்டாம் நாள் காலையில தூக்குவாளியை எடுத்துப் பார்த்தேன், காய்ஞ்சு கிடந்துச்சு. சோப்பும் நனையலை. என்ன, குழாய் வைக்கலையான்னு கேட்டேன், வாயைத் திறந்து நான் அதைக் கேட்டது அன்னைக்குத்தான் முதல் தடவை. காப்புக் கட்டின கையால அந்த அசிங்கத்தைத் தொடக்கூடாது, ஏழு நாள் தானே, ஆத்தா பார்த்துக்கிடுவான்னாக. ஒண்ணரை வருசமாப் பார்க்காதவ இந்த ஏழு நாள்ல பார்த்துருவாளான்னு நான் கேட்டேன். அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன். அவிய மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாக. தண்ணியைக் குறைச்சாச் சரியாப் போயிரும்னு அவியளே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டு, அந்தப் பங்குனி வெயில்ல ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணிக்கு மேல குடிக்கலை. மூணாம் நாள் நான் திரும்பவும் கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழுதேன். தீட்டோட பூ மிதிச்சா அது என் பிள்ளை தலையில போய் விடியும்டின்னாக. உன்னையத்தான் சொன்னாக. ஆறு வருசமா உன் பேரைச் சொல்லாத வாயி, அன்னைக்கும் பேரைச் சொல்லலை, பிள்ளைன்னு சொல்லிச்சு.

நாலாம் நாள் காலையில காப்புக் கட்டினவுகெல்லாம் குளத்துல முங்கி ஈரத்துணியோட கோயில்ல வந்து நின்னாக. எல்லாரும் மஞ்ச வேட்டி, எல்லாரும் ஈரம். வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆச்சு, ஒவ்வொருத்தர் துணியா காய்ஞ்சுக்கிட்டே வந்துச்சு. உங்க அப்பா வேட்டி மட்டும் காயலை. நான் பொம்பளைக வரிசையில இருந்து அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். காயலை, மேலுக்குக் காய்ஞ்சுருச்சு, கீழ நனைஞ்சுக்கிட்டே இருக்கு, காலடியில கல்லு கறுத்துப் போய் இருக்கு. பை நிறைஞ்சு தன்னால வழியுது, அவியளுக்குத் தெரியுது, நிறுத்த முடியலை, நகரவும் முடியலை, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிக்காக. பின்னால நின்ன ரெண்டு பேரு மூக்கைச் சுழிச்சுக்கிட்டுக் கீழ பார்க்க ஆரம்பிச்சாக. எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. அங்ஙன வேப்பிலை போட்டு அண்டா நிறைய மஞ்சத்தண்ணி வச்சிருந்தாக, காலுல ஊத்துறதுக்கு. ஒரு குடத்தை முக்கி எடுத்துக்கிட்டுப் போய் அவிய தலையிலயே ஊத்தினேன். திரும்பவும் முக்கினேன், ஊத்தினேன். நாலு குடம். கல்லு தெளிஞ்சு போச்சு. சுத்தி நின்ன பொம்பளைக குலவை போட்டாக, ஒரு கிழவி என் காலைத் தொட்டுக் கும்பிட்டா, ஆத்தா இறங்கிட்டான்னு நினைச்சுட்டாக. அவிய மட்டும் கண்ணைத் திறந்து என்னையப் பார்த்தாக. நான் ஏன் ஊத்தினேன்னு அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு, வேட்டி நனைஞ்சதை நான் பார்த்துட்டேன்ங்கிறதும் தெரிஞ்சுபோச்சு. சோலைராஜு, நாப்பத்தோரு வருசத்துல அந்த மனுசன் என்னைய அப்பிடிப் பார்த்தது இல்லை.

கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு, உடம்பு நடுங்குது. அப்பந்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு, முன்னாடியே வந்திருக்கலாம், அதுதான் எனக்கு ஆறலை. காப்பு உங்க கையிலதானே இருக்கு, என் கையில இல்லையேன்னேன். நான் குழாயை வேக வச்சேன், உன் சித்தி அடுப்புலயே வச்சேன், கேக்கக்கூட இல்லை. கொல்லையில குளிக்கிற மறைப்புக்குள்ள கூட்டிப் போய் உக்கார வச்சேன். எனக்குச் செய்யத் தெரியாது, அவிய கண்ணை மூடிக்கிட்டே சொல்லச் சொல்லச் செஞ்சேன், எண்ணெய் தடவு, மெள்ள விடு, தடுக்கினாத் தள்ளாதே, மூச்சை விடச் சொல்லு, அப்பிடின்னு வேற யாருக்கோ சொல்லுற மாதிரி சொன்னாக. அம்புட்டு நேரமும் வலது கையை மட்டும் தலைக்கு மேல தூக்கி வச்சிருந்தாக, காப்புல ஒரு துளி பட்டுறக் கூடாதுன்னு. கை வலிச்சாலும் இறக்கலை. ரெண்டு செம்புக்கு மேல வந்துச்சு, கடைசியில ரத்தமா வந்துச்சு. வெளிய உன் சித்தி அழகுத்தாய் தட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கா. பால்ச்சாமி வந்து கேட்டதுக்கு, அக்கா குளிக்காக, அங்கிட்டுப் போங்கன்னு அவனை விரட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவளுக்கு எம்புட்டுத் தெரியும், எப்பத் தெரியும்னு நான் கேக்கலை, அவளும் சொல்லலை, வாளியை அவளே வாங்கிட்டுப் போய்க் கழுவி வச்சா. இதுக்காக அந்த நகை விசயத்தை நான் விட்டுட்டேன்னு நினைக்காதே. ஆனா நடந்ததை எழுதாம விட்டா அது எனக்கு அடுக்காது.

அன்னைக்குச் சாயங்காலமே குளிரும் காய்ச்சலும் கண்டு பல்லு கிட்டிப் போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பார்த்துட்டு உடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னாக. காப்போட ஊர் எல்லை தாண்ட மாட்டேன்னு அந்தக் காய்ச்சலிலயும் கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டாக, நானும் பால்ச்சாமியும் விரலைப் பிரிச்சு விட்டுத்தான் ஏத்தினோம். வார பாவம் எனக்கு வரட்டும்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில ஊசி போட நரம்பு கிடைக்காம வலது கையை எடுத்தாக, அந்த நர்ஸுப் பிள்ளை அவசரத்துல கத்தரிக்கோலை எடுத்து காப்பை வெட்டித் தட்டுல போட்டுருச்சு. அது மேல தப்பு இல்லை, அதுக்கு உசிரு முக்கியம். ஆனா குழாய் விட்டப்ப அழாதவிய, ரத்தம் வந்தப்ப அழாதவிய, அந்தக் கயிறு விழுந்ததைப் பார்த்து ஏங்கி ஏங்கி அழுதாக. பூக்குழி அன்னைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தாக. எத்தனை மணிக்குக் குழியில தீ வளப்பாக, எத்தனை மணிக்கு முதல் ஆளு இறங்குவான்னு சுவத்தைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருந்தாக.

ஒம்பது நாள் இருந்துட்டு வந்தோம். ரெண்டு கிட்னியும் பாதி வேலைதான் செய்யுதாம், இனிமே ஒரு தடவை இப்பிடி அடைச்சாப் பிழைக்க மாட்டாருன்னு டாக்டர் என்கிட்ட நேராவே சொன்னாரு. நாலு தடவை எடுக்கணும், நிறையத் தண்ணி குடிக்கணும், அப்பிடி இருந்தா இன்னும் பத்து வருசம் ஓடும்னாரு. ஆனா அவிய கை இப்பம் நடுங்குது, அவியளால செய்ய முடியலை, என்னையக் காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு தடவைதான் செய்ய விடுதாக. மத்தியானம் கிட்டப் போனாத் துண்டை மூஞ்சியில போட்டுக்கிடுதாக. தண்ணி கொண்டு போய்க் கொடுத்தா ஜன்னல் வழியாச் செடிக்கு ஊத்திருதாக, அந்தக் கொய்யாச் செடி இந்தச் சித்திரையிலயும் பச்சையா நிக்கி, அதைப் பார்த்தாலே எனக்கு வெட்டிப் போடணும்னு வருது. ஏட்டி, இதுக்கா உன்னையக் கட்டிட்டு வந்தேன்னு ஒரு நாள் கேட்டாக. வேற எதுக்குக் கட்டிட்டு வந்தீகன்னு இன்னைக்காவது சொல்லுங்க, தெரிஞ்சுக்கிடுதேன்னேன். செத்த சிரிச்சாக. அந்தச் சிரிப்போட அன்னைக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாக. மறுநாள் பழையபடிதான். ஆத்தாவே கயித்தை அறுத்து விட்டுட்டா, இனி எதுக்கு இந்தப் பாடுன்னு கேக்காக. இது பேச்சுக்குச் சொல்லுறது இல்லை, சாகத்தான் நினைச்சுக்கிட்டு இருக்காக. அதுக்குத் தூக்கும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அதுதான் எனக்குப் பயம்.

இப்பம் உன்கிட்ட வாரேன். உன் மேல எனக்கு இருக்குற வருத்தம் உனக்குத் தெரியும். நீ கல்யாணம் முடிச்சிட்டு ஒரு தபால் கார்டுல நாலு வரி எழுதிப் போட்ட, அதைத் தபால்காரன் தெருவுல நின்னு சத்தமாப் படிச்சான், அந்தக் கார்டு இன்னும் என் அரிசிப் பானைக்குள்ள இருக்கு. ஆனா அதுக்கு முந்தி உங்க அப்பா சொன்னதையும் நான் மறக்கலை. எம்பத்தாறு தை மாசம், பொங்கல் கழிஞ்ச நாலாம் நாள், நீ அவ பேரைச் சொல்லி, நாசரேத்துப் பிள்ளை, நர்ஸு வேலை பார்க்கான்னு சொன்னதும், ஊரான் மூத்திரச் சட்டி தூக்குறவ என் வீட்டு அடுப்பைத் தொடக்கூடாதுன்னாக. வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளைன்னுகூடச் சொல்லலை, அதைத்தான் சொன்னாக. நீ அன்னைக்குச் சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கிட்டுப் போனவன். அந்தச் சொல்லை நீ கிருபாபாய்கிட்டச் சொன்னியோ இல்லையோ எனக்குத் தெரியாது. அவியளுக்கு அது ஒவ்வொரு எழுத்தா ஞாபகம் இருக்கு. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வாளியைக் கழுவி வச்சிட்டு வந்தப்ப, அந்தப் பிள்ளை தினமும் இதைத்தானே செய்யும்னாக. எந்தப் பிள்ளைன்னு நான் கேக்கலை. வரச் சொல்லி எழுதட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அது முகத்துல நான் எப்பிடி முழிப்பேன், அவன் வந்தாலும் நான் இப்பிடிக் கிடக்குறதைப் பார்க்கக்கூடாதுன்னு சொல்லித்தான் என் தலையில கையை வச்சாக. கோவத்துல உன்னைய வரவேண்டாம்னு சொல்லலை, அது எப்பவோ போயிருச்சு, வெக்கத்துல சொல்லுதாக. அந்த வெக்கத்துலயே செத்துப் போவாக போல இருக்கு.

அதனால நீ வரணும். லீவு கிடைக்காதுன்னு எழுதாதே. கிருபாபாயையும் பேத்தியையும் கூட்டிக்கிட்டு வா. கிருபாபாய்க்கு நான் இதுவரைக்கும் ஒரு வரி எழுதினது இல்லை, இதை அவளுக்கே எழுதினதா நினைச்சு அவகிட்டப் படிச்சுக் காட்டு. அவ வந்து அவியளைத் தொட வேண்டாம், அது அவியளுக்குத் தாங்காது, நானே செய்யுதேன். எனக்கு ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தாப் போதும். டாக்டர் கொடுத்த களிம்பு தீர்ந்த பொறவு அவிய தேங்காயெண்ணெய்தான் தடவுனாக, அது சரியா தப்பா, குழாயை எம்புட்டு நேரம் வேக வைக்கணும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை புதுசு வாங்கணும், மத்தியானம் விட மாட்டேன்ங்கிற ஆளை என்ன சொல்லி விடச் சொல்லணும், இதெல்லாம் கேட்டு முதல்ல ஒரு கடுதாசி போடு. கவரை நம்ம வீட்டுக்குப் போடாதே, உன் சித்தி அழகுத்தாய் பேருக்குப் போடு, அவ கொண்டு வந்து கொடுப்பா. வந்த பொறவு கிருபாபாய் அவிய பக்கத்துல உக்காந்து, இது மாதிரி எத்தனையோ பேரு செஞ்சுக்கிட்டு வேலைக்குப் போறாக, ஊருக்குப் போறாகன்னு நாலு வார்த்தை சொல்லட்டும். நான் சொன்னாச் சமாதானம்ங்காக, டாக்டர் சொன்னாக் காசுக்குச் சொல்லுதாருங்காக, அவ சொன்னா நம்புவாக. பழைய பேச்சை எடுத்து அவ மன்னிச்சேன்னும் சொல்ல வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவிய கையால வாங்கி அவ ஒரு வாய் காப்பி குடிச்சாப் போதும். அடுப்பை அவ இஷ்டத்துக்குப் புழங்கட்டும், யாரு என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கிடுதேன்.

சந்தனத்துகிட்ட நீயா எதுவும் எழுதாதே, நானே சொல்லிக்கிடுதேன். நீ தண்ணி நிறையக் குடி, வேலை நேரத்துல அடக்காதே, உங்க பாக்டரியில எவன் என்ன சொன்னாலும் கேக்காதே. சக்கரை இருக்கான்னு வருசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கோ. பேத்திக்கு வெயில் ஆகுமோ என்னமோ, காட்டன் சட்டையாக் கொண்டு வா. மாரியாத்தா உங்க மூணு பேரையும் காப்பாத்தட்டும், நீ நூறு வயசு இருக்கணும், உன் சொல்லு யாரையும் சுடாம இருக்கணும்.

ஒண்ணே ஒண்ணு மறந்துறாதே. நீ வார அன்னைக்கு நேரா வீட்டுக்குள்ள நுழைஞ்சுறாதே. தெரு முக்குத் திரும்பினதுமே அம்மான்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கிட்டே வா, ஊர் கேட்டாலும் பரவாயில்லை. கதவு சாத்தியிருந்தாத் தட்டாதே, கிருபாபாயும் நீயும் வெளியவே நில்லுங்க, வெயிலா இருந்தாலும் நில்லுங்க, எம்புட்டு நேரமானாலும் நில்லுங்க. நான் வாளியை எடுத்து மறைச்சு வச்சிட்டு, அவியளுக்குச் சலவை வேட்டி கட்டி, சட்டை மாட்டி, தலை சீவி, நாற்காலியில உக்கார வச்ச பொறவுதான் கதவைத் திறப்பேன். உங்க அப்பா உக்காந்திருக்கையில நீ வரணும்.

இப்படிக்கு
உன் அம்மா
அங்காளம்மாள்
(இது என் கையெழுத்துத்தான்)